காட்டுப்பள்ளிப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மீதியைப் படித்தாலும் சரி, முழுதாகப் படியுங்கள்.

நம் பள்ளியில் படித்து இன்று துறைமுகத்தில் நல்ல பொறுப்பில் இருக்கும் ஒருவர் சென்ற வாரம் கேட்டார்: "சார், வெளியூர்லேர்ந்து சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்க. மகாபலிபுரம் பார்த்துட்டாங்க. நம்ம பக்கம் காட்டறதுக்கு என்ன சார் இருக்கு? கிரேனும் கன்டெய்னர் லாரியும்தானே?" கேள்வி நியாயமானதுதான். எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி என்று சொன்னாலே இப்போது கண்முன் வருவது புகைபோக்கியும் லாரி வரிசையும்தான். சுற்றுலாத் துறை கிழக்குக் கடற்கரைச் சாலை என்று விளம்பரம் செய்வதெல்லாம் தெற்கே. கடல் என்னவோ வடக்கேயும் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். காட்டுப்பள்ளி என்றதும் உறவுக்காரர்கள் சிலர் தேவாரப் பாடல் பெற்ற தலமா என்று கேட்கிறார்கள். அவை சோழநாட்டில் இருக்கும் இரண்டு திருக்காட்டுப்பள்ளிகள். ஒன்று தஞ்சாவூர்ப் பக்கம் குடமுருட்டிக் கரையில், மேலைத் திருக்காட்டுப்பள்ளி. இன்னொன்று திருவெண்காட்டுக்கு அருகில், கீழைத் திருக்காட்டுப்பள்ளி. நம் காட்டுப்பள்ளி பொன்னேரி வட்டத்தில், வங்கக் கடலுக்கும் கொசஸ்தலை உப்பங்கழிக்கும் நடுவே நாடாபோல நீளும் மணல்திட்டு. தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு. நம் ஊருக்குப் பதிகம் கிடையாது. ஆனால் பதிகம் பெற்ற ஊர்கள் இரண்டை இந்த ஆறு தொட்டுக்கொண்டு வருகிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

திருவொற்றியூர்த் தியாகராஜர் கோயிலுக்குப் போகாதவர் நம்மில் குறைவு. ஆனால் வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். ஒருமுறை மூலவரின் விமானத்தைப் பின்பக்கமாக நின்று பாருங்கள். சதுரமாக இருக்காது, யானை படுத்திருக்கும்போது அதன் பின்புறம் வளைந்திருப்பதுபோல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள், கஜபிருஷ்டம் என்றும் சொல்வார்கள். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எடுப்பித்த வேலை. இதே கோயிலில் வியாகரண மண்டபம் ஒன்று இருந்து, பாணினியின் இலக்கணம் கற்பிக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. இலக்கண வகுப்பில் தூங்கிய என் மாணவர்கள் இதை விசேஷமாகக் கவனிக்கவும்.

மூலவர் ஆதிபுரீஸ்வரர் வருடம் முழுவதும் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி 3 நாள் மட்டும் கவசம் திறந்து புனுகு, ஜவ்வாது, சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். அந்த மூன்று நாள் கூட்டத்துக்குள் போய்வர உடம்பில் தெம்பு இருக்க வேண்டும்.

கோயிலின் மகிழ மரத்தடியில்தான் சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். பெரியபுராணத்திலேயே நாடகத்தன்மை மிக்க இடங்களில் இதுவும் ஒன்று. திருவாரூரில் பரவையாரை ஏற்கெனவே மணந்தவர் சுந்தரர். ஒற்றியூருக்கு வந்து, இறைவனுக்குப் பூத்தொடுக்கும் சங்கிலியாரைப் பார்த்து மனம் பறிகொடுத்து, சிவபெருமானையே தூது போகச் சொல்கிறார். சங்கிலியார் கெட்டிக்காரப் பெண். "என்னை விட்டுப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்யட்டும்" என்கிறார். சுந்தரர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். "நான் சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் உள்ளே இருக்க வேண்டாம், மகிழ மரத்தடியில் போய் இருந்துகொள்ளும்" என்று இறைவனிடம் கேட்டுக்கொண்டார். இறைவன் தலையாட்டிவிட்டு, சங்கிலியார் பக்கம் போய், "சந்நிதியில் வேண்டாம், மகிழடியில் சத்தியம் கேள்" என்று சொல்லிவிட்டார்! மாட்டிக்கொண்டார் நம் தம்பிரான் தோழர். மாசி உற்சவத்தில் நடக்கும் மகிழடி சேவை இந்தக் கதைதான்.

அடுத்து வருவதுதான் நம் ஆற்றின் கதை. வசந்தம் வந்தது. திருவாரூர் நினைவு வந்தது. சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார் சுந்தரர். கண் இரண்டும் போயிற்று. தடுமாறிக்கொண்டு வடதிருமுல்லைவாயில் வழியாகத் திருவெண்பாக்கம் போய்ச் சேர்ந்தார். "கோயிலுக்குள் இருக்கிறீரா?" என்று இறைவனைக் கேட்டார். இருக்கிறோம், நீ போய் வா என்ற தொனியில் பதில் வந்தது. கூடவே ஓர் ஊன்றுகோலும் கிடைத்தது. கண் கேட்டவருக்குக் கோலா என்று கோபத்தில் அவர் அதை வீசியெறிய, நந்தியின் கொம்பு ஒடிந்ததாக அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறுகண்ணும் வந்தன.

அந்தத் திருவெண்பாக்கம் எங்கே? கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருந்தது. இப்போது தண்ணீருக்கடியில். சென்னைக்குக் குடிநீர் வேண்டுமென்று 1940களில் பூண்டியில் ஆற்றை மறித்து நீர்த்தேக்கம் கட்டினார்கள். 1944இல் வேலை முடிந்தது. சத்தியமூர்த்தி சாகர் என்று அதற்குப் பெயர். பழைய ஊர் நீரில் மூழ்க, ஊன்றீஸ்வரர் கோயிலைப் பெயர்த்து இப்போதுள்ள இடத்தில் கட்டினார்கள். பூண்டிக்குப் பிக்னிக் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தக் கோயிலுக்குள் போயிருப்பார்கள்?

நகரத்துக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது, ஆற்றின் மேல்பகுதியில் ஒரு பாடல் பெற்ற தலமே இடம் மாறியது. நகரத்துக்கும் நாட்டுக்கும் துறைமுகம் வேண்டியிருந்தது, அதே ஆற்றின் கீழ்க்கோடியில் காட்டுப்பள்ளிக்குப்பம் இடம் மாறியது. முன்னதற்குச் சேக்கிழார் இருந்தார், அரசாங்கம் கோயிலைக் கட்டிக்கொடுத்தது. பின்னதைப் பற்றி ஒரு பள்ளிக்கூடப் பாடத்திலும் ஒரு வரி கிடையாது. அதனால்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்த ஆற்றின் வயசைக் கேட்டால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். பூண்டிக்கு அருகே இதே கொசஸ்தலைப் படுகையில்தான் அத்திரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்பு குழுவினர் பல ஆண்டுகள் அகழ்ந்து ஆய்வு செய்து, அங்குள்ள கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011இல் அறிவித்தார்கள். அந்த ஆறு கடலில் கலக்கிற இடம்தான் நம் எண்ணூர் முகத்துவாரம்.

இப்போது நம் மணல்திட்டுக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படகில் கழியைத் தாண்டி, பிறகு நடந்து பள்ளிக்கு வருவார்கள். வலைப்பையில் புத்தகம், கையில் செருப்பு. இறால் நன்றாகப் படும் நாட்களில் கடைசி பெஞ்சு காலியாக இருக்கும். வருகைப் பதிவேட்டைப் பார்த்தே கழியில் இறால் நிலவரம் சொல்லிவிடலாம். அந்தக் கழியில் வலை இல்லாமல் கையால் தடவி இறால் பிடிப்பவர்களும் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து சேற்றைத் துழாவி, பிடித்ததைப் பல்லால் கவ்வியிருக்கும் பறியில் போட்டுக்கொண்டே போவார்கள். இருளர் மக்களிடம் இந்த வித்தை இன்றும் இருக்கிறது.

வெறும் மணல் என்று நினைக்கும் இடத்தில் இயற்கை செய்துவைத்திருக்கும் வேலை பெரியது. கடலோரத்தில் முதலில் அடப்பங்கொடி படரும். ஊதாப்பூ, ஆட்டுக்கால் குளம்பு மாதிரி இலை. அதற்கு மேலே ராவணன் மீசைப் புல், முள்ளுப்பந்துபோல உருண்டு காற்றில் ஓடும், சின்ன வயதில் துரத்திப் பிடித்திருப்பீர்கள். இவை இரண்டும் மணலைப் பிடித்துக்கொள்ள, மணல் மேடாகிறது. மேட்டில் விழும் மழைத்தண்ணீர் கீழே இறங்கி, உப்புத்தண்ணீருக்கு மேலே ஒரு மெத்தை மாதிரி தங்குகிறது. உப்புத்தண்ணீரைவிட நல்ல தண்ணீர் எடை குறைவு, அதனால் மிதக்கிறது. இதனால்தான் கடற்கரையிலேயே கையால் ஊற்று தோண்டிக் குடிக்க முடிகிறது. மேட்டைச் சமப்படுத்தினாலும், ஆழ்துளைக் கிணறு போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சினாலும், அந்த மெத்தை கிழிந்து உப்பு மேலே ஏறும். மீஞ்சூர்ப் பக்கம் கிணறுகள் உப்பானது இப்படித்தான். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் நம் காட்டுப்பள்ளியிலேயே வந்தது. நல்ல ஊற்றுத்தண்ணீர் இருந்த இடத்தில் கடலைக் காய்ச்சி வடிக்காத குறையாகத் தண்ணீர் எடுக்கிறோம். வேடிக்கைதான்.

தை முதல் பங்குனி வரை, ராத்திரியில், இந்தக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். பெயரிலேயே மாதத்தை வைத்துவிட்டார்கள் நம் மீனவர்கள். கழிக்குள் கண்டல் மரங்கள். வேரைச் சேற்றுக்கு மேலே ஆணி ஆணியாக நீட்டி மூச்சு விடும். அதன் காலடியில்தான் இறால் குஞ்சும் நண்டும் வளரும்.

கழிக்கு இணையாக ஓடும் கால்வாய்க்கும் ஒரு வரலாறு உண்டு. 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கினார். உப்பு ஏற்றிப் போகத்தான் முதலில். பிறகு வடக்கே நீண்டது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது பஞ்ச நிவாரண வேலையாகக் கூலிக்கு ஆள்வைத்து வெட்டி நீட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகன் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பட்டணத்து அடுப்புகளுக்கு விறகு இந்த வழியில்தான் படகில் வந்தது.

காட்டுப்பள்ளியிலிருந்து வடக்கே போனால் காளஞ்சி, கருங்காலி. கருங்காலியில் கடலுக்கும் கழிக்கும் நடுவே சிதம்பரேஸ்வரர் கோயில். காற்றும் அலையும் தவிர வேறு சத்தம் இல்லாத இடம். பெரிய கோபுரம் எதிர்பார்த்துப் போகாதீர்கள், அமைதிக்காகப் போங்கள்.

மேற்கே உள்ளடங்கினால் இன்னும் சில. மீஞ்சூரை வடகாஞ்சி என்பார்கள். ஏகாம்பரநாதரும் வரதராஜரும் அங்கேயும் இருக்கிறார்கள், காஞ்சி போலவே. பக்கத்து மேலூரில் திருவுடையம்மன். வெள்ளிக்கிழமையில் பௌர்ணமி வந்தால் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் ஒற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது நம் வடசென்னைப் பெண்களின் பழைய வழக்கம். இச்சை, ஞானம், கிரியை என்ற மூன்று சக்திகள் என்று சொல்வார்கள். தேவதானத்தில் பள்ளிகொண்ட ரங்கநாதர், வடஸ்ரீரங்கம் என்று பேர். பொன்னேரியில் சித்திரை மாதத்தில் அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் வீதியில் சந்திக்கும் திருவிழா. திருப்பாலைவனத்தில் திருப்பாலீஸ்வரர், அதுவும் தூங்கானை மாடம். பெயரைப் பார்த்துப் பாலைவனம் என்று நினைத்துவிடாதீர்கள், பாலை மரங்கள் அடர்ந்திருந்த வனம் என்று பொருள்.

பிறகு பழவேற்காடு. இங்கே ஒரு நாள் முழுக்கச் செலவழிக்கலாம்.

1610இல் சந்திரகிரி அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று டச்சுக்காரர்கள் இங்கே பண்டகசாலை போட்டார்கள். 1612இல் போர்த்துகீசியர் அதைத் தாக்கி அழித்தார்கள். 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டையே கட்டினார்கள், ஜெல்ட்ரியா கோட்டை. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைநகரம் இந்தச் சின்ன ஊர்தான். ஜார்ஜ் கோட்டைக்கு அஸ்திவாரம் போடுவதற்கு 27 வருடம் முன்பே இங்கே கோட்டை நின்றது! இங்கிருந்து போன துணி உலகம் சுற்றியது. மலேசியாவில் இருக்கும் நம் சொந்தக்காரர்களைக் கேளுங்கள், கட்டம்போட்ட கைலியை மலாய்க்காரர்கள் "கைன் பெலேகாட்" என்பார்கள். பெலேகாட் என்பது புலிக்காட், நம் பழவேற்காடு. துணி மட்டும் போகவில்லை. பஞ்சகாலங்களில் விலைக்கு வாங்கிய மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தேவியாவுக்கு அனுப்பினார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலையும் வைத்திருந்தார்கள். இதையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கோட்டை இன்று செடிகொடி மூடிய மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள், என் பேத்தி அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். சில கல்லறைகளில் அந்நாளைய கப்பல்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே செம்புறாங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில், விஜயநகர காலத்து வேலை. ராமாயணக் காட்சிகளை உள்ளங்கை அளவுக்குச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள். மகிமை மாதா கோயில் போர்த்துகீசியர் காலத்தது. பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க வைத்த சூரியக் கடிகாரம் இருக்கிறது. நடந்துபோகும் தூரத்துக்குள் இத்தனையும்.

ஏரியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. ஐப்பசி, கார்த்திகைக்குப் பிறகு பூநாரைகள் வரும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரை வடிகட்டித் தின்னும். தின்னும் பாசியும் கூனிறாலும் கொடுப்பதுதான் அந்த இளஞ்சிவப்பு நிறம். மீனவர்கள் ஏரியை முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள், "பாடு" என்று பெயர். எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைத் தலைக்கட்டு வாரியாகச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். கோர்ட்டும் போலீசும் இல்லாமல் பல தலைமுறையாக நடக்கும் ஏற்பாடு இது.

இவ்வளவும் இருக்கும்போது "ஒன்றுமில்லை" என்ற பெயர் எப்படி வந்தது? கணக்கில் புறம்போக்கு என்று எழுதினார்கள், நாமும் அந்தச் சொல்லை வசவாக்கிவிட்டோம். ஊருக்கெல்லாம் பொதுவான நிலம் என்பதுதான் அதன் பொருள். 2017இல் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழியிலேயே நின்று பாடிய புறம்போக்குப் பாடல் இதைத்தான் பேசியது, கேட்காதவர்கள் கேளுங்கள். ஒரு இடத்தில் ஒன்றுமில்லை என்று நாமே சொன்னால், எடுத்துக்கொள்பவர்களுக்கு வேலை சுலபம். 1994இல் அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம் (2014 முதல் காமராஜர் துறைமுகம்), அதன் பிறகு காட்டுப்பள்ளியில் கப்பல்கட்டும் தளமும் துறைமுகமும். சுமார் 330 ஏக்கரில் இருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிவாக்கும் திட்டம் வந்தது. 2021 ஜனவரியில் நடப்பதாக இருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம், எதிர்ப்பு எழுந்ததால் தள்ளிப்போனது.

துறைமுகமே வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். அந்தச் சம்பளத்தில் வீடு கட்டிய என் மாணவர்கள் எனக்குப் பொங்கலுக்கு வேட்டி எடுத்துத் தருகிறார்கள். ஆனால் கடலின் கணக்கு ஒன்று இருக்கிறது. நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலை, மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. நடுவில் கல்லைக் கொட்டித் தடுத்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு மெரினா அகலமானதும், ராயபுரம் தொடங்கி ஒற்றியூர் வரை கடல் ஊருக்குள் வந்ததும் இதனால்தான். பிரளயத்தைத் தள்ளிப்போகச் சொல்லி இறைவன் கட்டளையிட, கடல் ஒற்றிப்போன ஊர் என்று தலபுராணம் சொல்லும் ஊரிலேயே இன்று பட்டினத்தார் சமாதிக்கு எதிரே கல் கொட்டிக் கடலைத் தடுக்கிறோம். காட்டுப்பள்ளிக்கு வடக்கே என்ன இருக்கிறது என்று மேலே வரிசையாகச் சொல்லிவிட்டேன். காளஞ்சி, கருங்காலி, பழவேற்காடு. அந்த மணல்திட்டு அறுந்தால் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே சுவர் இல்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் மீஞ்சூரில் இறங்கினால் மேலூர், தேவதானம் போகலாம். பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பஸ் உண்டு, வழியில் திருப்பாலைவனம். மார்கழி, தை மாதங்கள் உத்தமம், பூநாரையும் இருக்கும், வெயிலும் இருக்காது. யாராவது படகுச் சவாரிக்குக் கூப்பிட்டால் போகவே வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், அதன் பிறகு தடை இருக்கிறது. ஏரியைக் கரையிலிருந்தே பார்க்கலாம். முகத்துவாரத்தில் குளிக்க இறங்காதீர்கள், நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பழைய காட்டுப்பள்ளிக்குப்பம் இருந்தபோது எடுத்த படங்கள், கோயில் திருவிழா, கல்யாணம், கழியைப் படகில் தாண்டியது, எதுவாக இருந்தாலும் உங்கள் வீட்டு ஆல்பத்தில் தேடி எனக்கு அனுப்புங்கள். உங்கள் அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் இருந்தால், பழைய ஊரில் எந்த வீடு எங்கே இருந்தது, அம்மன் கோயில் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, நல்ல தண்ணீர் ஊற்று எங்கே என்று கேட்டு ஒரு தாளில் படம் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. கையெழுத்து மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, முப்பது வருடம் உங்கள் கையெழுத்தைப் படித்துப் பழகியவன்தான் நான்.